மருமகளைக் கேட்கவும்

போன் வந்தபோது கியரக்கா ஒரு பல் டாக்டரம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். காலை ஒன்பதே முக்கால் மணி. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் நான்கு பழைய டயர்களை நிறுத்தி வைத்து, அவற்றுக்கு நடுவே காரைப் பின்பக்கமாகக் கொண்டுபோய்ச் செருக வேண்டும். ஊரார் வாய்க்குள் கையை விட்டுக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது நடுங்காத டாக்டரம்மாவின் கை, ஸ்டீயரிங்கைத் தொட்டதும் உதறும். மூன்றாவது டயரையும் சாய்த்துவிட்டு, "பின்னாடி ஏதோ தட்டுது அக்கா" என்று அவர் சொன்ன நேரத்தில்தான் மணி அடித்தது.

தெரியாத நம்பர்.

"அம்மா, ஆம்புலன்ஸ்ல இருந்து பேசறோம். ஒரு பெரியவரை ஏத்தியிருக்கோம், மூச்சுத் திணறல். சட்டைப் பையில இருந்த சீட்டுல உங்க நம்பர் மட்டும்தான் இருக்கு. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

கியரக்கா வாயைத் திறந்தாள். பத்தொன்பது வருடமாக ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, வாய் ஓயாமல் பேசிப் பிழைக்கிறவள். அன்றைக்கு ஒரு கேள்விக்கு மூன்று தடவை தொடங்கினாள்.

"மருமக" என்றாள். பிறகு, "மருமகளா இருந்தேன்" என்றாள். பிறகு, "அதாவது... எந்த ஆஸ்பத்திரி?" என்றாள்.

"பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. சீக்கிரம் வந்துடுங்கம்மா."

டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார். மைதானத்தை விட்டு வெளியே வந்து, மெயின் ரோட்டில் ஏறி, இரண்டு சிக்னல் தாண்டி, ஒரு லாரியை ஓவர்டேக் செய்து ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கியரக்கா இறங்கிக் கதவைச் சாத்தும்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. இடம் மாறி உட்கார மறந்துபோயிருக்கிறார்கள். லைசென்ஸ் வாங்காத கை வழி முழுக்க ஒரு தடவைகூட வண்டியை அணைய விடவில்லை. "நான் எப்படித் திரும்பிப் போறது?" என்று டாக்டரம்மா கேட்டது அவள் காதில் விழவில்லை.

மாமா மின்சார ஆபீஸில் மீட்டர் கணக்கெடுப்பவராக முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். ஊரில் எந்தச் சந்தில் எந்த நாய் என்று அவருக்குத் தெரியும். "என்னைக் கடிச்ச நாயெல்லாம் செத்துடுச்சு, நான்தான் இன்னும் சுத்திக்கிட்டிருக்கேன்" என்பார். மனைவி போய் வெகு நாளாகிவிட்டது. ஒரே மகன். அந்த மகனுக்கும் கியரக்காவுக்கும் பதினோரு வருடம் நடந்த கல்யாணம், இருவரும் களைத்துப்போய், பெரிய சண்டை எதுவும் இல்லாமலே ஒருநாள் கோர்ட்டில் முடிந்தது. மகன் ஐந்து மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு குழாய்த் தொழிற்சாலைக்கு மேனேஜராகப் போனான். அன்றிலிருந்து யாராவது கேட்டால் அவனைக் கியரக்கா "மாமா பையன்" என்றுதான் குறிப்பிடுவாள். கேட்பவர்கள் ஏதோ தூரத்து உறவு என்று நினைத்துக்கொள்வார்கள். அதுவும் பொய்யில்லைதானே.

தீர்ப்பு வந்த அடுத்த திங்கட்கிழமை, மாமா டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து நின்றார். வயது எழுபத்து நான்கு. கையில் இரண்டு போட்டோ, வயதுச் சான்றிதழ். சமாதானம் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து அவள் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள். அவர் ஃபாரத்தை வாங்கி நிதானமாகப் பூர்த்தி செய்து நீட்டினார்.

"எனக்குக் கார் ஓட்டக் கத்துக்கொடுப்பியாம்மா?"

"உங்களுக்கு எதுக்கு மாமா இந்த வயசுல?"

"எல்லாரும் கத்துக்கறாங்க. நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?"

எட்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் வந்தார். நான்கு தடவை டெஸ்டில் கோட்டைவிட்டார். இரண்டாம் தடவை அவர் வேண்டுமென்றே தப்பாக இண்டிகேட்டர் போட்டாரோ என்று அவளுக்குச் சந்தேகம், கேட்டதில்லை. போன இரண்டு வருடமாக நுரையீரல் கெட்டுப்போய் ஸ்டீயரிங்கைத் திருப்பவே மூச்சு வாங்கியது. அதனால் அவள் ஓட்டுவாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வார். மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சனிக்கிழமை வகுப்பு நுரையீரல் கிளினிக்கில் போய் நிற்கும்.

எமர்ஜென்சிக்குள் தரையில் நான்கு நிறத்தில் கோடுகள் போட்டிருந்தன. வாசலில் இருந்த காவலாளி, "கோட்டைப் பிடிச்சுக்கிட்டே போங்க" என்றார். எந்தக் கோடு என்று சொல்லவில்லை. பச்சைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனாள். அது கேன்டீனில் முடிந்தது. திரும்பி வந்து சிவப்பைப் பிடித்தாள். அது ஒரு பூட்டிய கதவில் போய் முட்டியது. கடைசியில் ஒரு ஸ்ட்ரெச்சருக்குப் பின்னாலேயே ஓடி உள்ளே நுழைந்தாள்.

ஏழாம் நம்பர் படுக்கை. இரண்டு பக்கமும் நீலத் திரை. ஒரு பக்கத்துத் திரைக்கு அப்பால் ஏணியிலிருந்து விழுந்த பெயிண்டர் ஒருவர், உடம்பெல்லாம் மஞ்சள் பெயிண்டோடு, "என் பிரஷ்ஷை யாராவது எடுத்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமா சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தார். முகத்தில் மாஸ்க். தோள் இரண்டும் ஏறி இறங்கின. கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறு மாதிரி புடைத்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது.

மூத்த நர்ஸ் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை "பிரதர்" என்று கூப்பிட்டார்கள். அவர் கையுறையின் மேல் பேனாவால் எண்களை எழுதியிருந்தார்.

"வந்ததுல இருந்து நம்பர் சொல்லிக்கிட்டே இருக்காரும்மா. மகனோட போன் நம்பரா இருக்கும்னு போட்டுப் பார்த்தேன். ஒரு தையல்கடைக்காரம்மா எடுத்து, பிளவுஸ் வெள்ளிக்கிழமைதான் ரெடியாகும்னு சொல்றாங்க."

கியரக்கா குனிந்து கேட்டாள். மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் நீருக்கடியில் பேசுவது போல வந்தது. "நாலு... ஏழு... ரெண்டு... ஒம்பது... கதவைத் திறங்கம்மா... நாயைப் பிடிங்க..."

"இது போன் நம்பர் இல்ல பிரதர். மீட்டர் ரீடிங்."

பிரதர் அவளைப் பார்த்தார். மருமகளுக்கும் ஒரு படுக்கை போடவேண்டி வருமோ என்று யோசித்திருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு இளம் டாக்டர் வந்தார். மெஷினைப் பார்த்து, "ஆக்சிஜன் ஏறிக்கிட்டிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். அவள் கும்பிட்டாள். அவருக்கு டூட்டி முடிந்துவிட்டது, போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து வேறொரு டாக்டர் வந்தார். நாற்பது வயது இருக்கும் பெண். மூக்குக்கண்ணாடி தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அவர் மெஷினைப் பார்க்கவில்லை. மாமாவின் கழுத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், விரல் நுனியைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தக் காலையில் அந்த இடத்தில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.

"உங்ககிட்ட ஒளிக்காம சொல்றேன். நுரையீரல் ஏற்கெனவே தேய்ஞ்சு போச்சு. இப்ப அதுல சளியும் கட்டியிருக்கு. மாஸ்க் இன்னும் ரொம்ப நேரம் தாங்காது. அடுத்தது தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல மூச்சு விடவைக்கணும். போட்டா இன்னைக்கு மூச்சு ஓடும். ஆனா இவர் உடம்பு இருக்கற நிலைமையில திரும்ப அந்தக் குழாயை எடுக்க முடியுமான்னு எனக்குச் சந்தேகம்."

"போடலைன்னா?"

"போடலைன்னா திணறல் தெரியாம இருக்க மருந்து கொடுப்போம். பக்கத்துல நீங்க இருக்கலாம். இன்னைக்கோ நாளைக்கோ போயிடுவார்."

"இப்பதான் ஒரு டாக்டர் ஆக்சிஜன் ஏறுதுன்னு சொன்னார்."

"ஏறுது. அவரும் தப்பாச் சொல்லல."

அப்படியென்றால் யார் சொன்னதுதான் சரி? இரண்டும் சரி என்றால் அவள் எதைப் பிடித்துக்கொள்வது? கிளட்சை மிதி, கியரை மாற்று, விடு. அவளுக்குத் தெரிந்த வேலையில் ஒன்றுக்குப் பின் ஒன்று வரும். இங்கே எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது.

"இவர் இதைப் பத்தி எப்பவாவது பேசியிருக்காரா?" என்றார் டாக்டர்.

பேசியிருந்தார். அதுதான் சிக்கலே. இரண்டு மாதத்துக்கு முன்னால் கிளினிக்கிலிருந்து திரும்பும்போது சொன்னார்: "போன தடவை வார்டுல படுத்திருந்தப்ப பக்கத்துப் படுக்கைக்காரனுக்குத் தொண்டையில குழாயைச் சொருகி பதினெட்டு நாள் போட்டு வச்சிருந்தாங்கம்மா. கண்ணு மட்டும் அலையுது. எனக்கு அந்த வேலையே வேண்டாம்." போன சனிக்கிழமை அவர் வீட்டுத் தெருமுனையில் கட்டிக்கொண்டிருக்கும் மேம்பாலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "இன்னும் ஆறு மாசத்துல திறந்துடுவாங்களாம். அது மேல ஒரு தடவை போயிட்டு வரணும். அதுவரைக்கும் டாக்டருங்க என்ன பண்ணச் சொன்னாலும் பண்ணிக்கறேன்." இரண்டையும் ஒரே மனிதர், அதே இருக்கையில் உட்கார்ந்து, அதே குரலில் சொன்னார். இரண்டையும் டாக்டரிடம் ஒப்பித்தாள். டாக்டர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"கிளினிக்ல ஒரு ஃபாரம் கொடுத்திருப்பாங்களே? இந்த மாதிரி நேரத்துல என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு அவரே எழுதித் தர்றது?"

கொடுத்தார்கள். வீட்டில் வைத்து எழுதுகிறேன் என்று மடித்துப் பையில் போட்டுக்கொண்டதை அவள் பார்த்திருந்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னது கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர். மாற்றுச் சாவி அவரிடம் இருந்தது. அவருக்குப் போன் போட்டு, "அலமாரியில மருந்து டப்பா பக்கத்துல ஒரு பேப்பர் இருக்கும், பாருங்க சார்" என்றாள்.

அவர் தேடுகிற நேரத்தில் மாமாவிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. காதருகே குனிந்தாள்.

"மாமா, நான்தான் வந்திருக்கேன். தொண்டையில குழாய் போடணும்னு சொல்றாங்க. போடச் சொல்லட்டுமா?"

"சரி" என்றார்.

அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் சொன்ன விதத்தில் ஏதோ இடித்தது. மறுபடி கேட்டாள்.

"இல்ல, வேண்டாம்னு சொல்லட்டுமா?"

"சரி."

டாக்டரும் பிரதரும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயிண்டர் திரைக்கு அப்பால் யாரிடமோ, "நான் விழல, ஏணிதான் விழுந்துச்சு" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

மாமா பையனுக்குப் போன் போட்டாள். விவாகரத்துக்குப் பிறகு அவனை "நீங்க" என்பதா "நீ" என்பதா என்று அவள் முடிவுக்கு வந்ததே இல்லை. அதனால் எட்டு வருடமாக எழுவாய் இல்லாமலே பேசிவந்தாள்.

"இங்க எமர்ஜென்சியில... மாமாவுக்குத்தான். உடனே கிளம்ப முடியுமா?" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

"குழாயா? போடச் சொல்லு. எல்லாத்தையும் பண்ணச் சொல்லு" என்றான். அடுத்த மூச்சில், "இரு, போட்டா எடுக்க முடியாதா? அப்ப எதுக்குப் போடறாங்க?" என்றான். பிறகு கார்க் கதவு சாத்தும் சத்தம். "உன்கிட்ட ஏன் கேக்கறாங்க? நீ யாரு முடிவு பண்றதுக்கு?" வண்டி கிளம்பும் சத்தம். "சரி, நீ என்ன நினைக்கிற?"

"எனக்குத் தெரியல" என்றாள். அந்தக் காலையில் அவள் சொன்னதிலேயே சந்தேகமில்லாத வார்த்தை அதுதான்.

வீட்டுக்காரர் ஃபாரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் முழுக்கக் கட்டங்கள். செயற்கை சுவாசம் வேண்டும், வேண்டாம். நெஞ்சை அழுத்தி எழுப்ப வேண்டும், வேண்டாம். ஒரு கட்டத்திலும் டிக் இல்லை. முப்பத்து நான்கு வருடம் கட்டம் தவறாமல் எண் நிரப்பிய மனிதர், அத்தனை கட்டத்தையும் வெறுமையாக விட்டுவிட்டு, அடியில் கோணலில்லாத கையெழுத்தில் எழுதியிருந்தார்: "மருமகளைக் கேட்கவும். அவளுக்குத் தெரியும்." கீழே அவள் நம்பர்.

அவளுக்குக் கோபம் வந்தது. சாகக் கிடக்கிற மனிதர் மேல், காலை பதினொன்றரை மணிக்கு, எமர்ஜென்சி நடுவில் நின்றுகொண்டு கோபம் வந்தது. என்ன தெரியும் எனக்கு? எப்போது சொன்னீர்கள்? நான்தான் மருமகளே இல்லையே மாமா. ஃபாரத்தில் பொய் எழுதலாமா?

டாக்டர் போனை வாங்கிப் படித்தார். மீண்டும் படித்தார். அப்போது பிரதர், மாமாவின் சட்டையைப் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்தார். கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது.

"இது இவரோட காது மெஷினா?"

கியரக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். காது கேட்காவிட்டால் எதற்கெடுத்தாலும் "சரி" சொல்வது மாமாவின் வழக்கம். பார்க்கிங் டெஸ்டில் இன்ஸ்பெக்டரிடம்கூட அப்படித்தான் நான்கு "சரி" சொல்லிவிட்டு நேராகச் சுவரில் கொண்டுபோய் இடித்தார். அவள் உயிரையும் சாவையும் கேட்டது செவிடான காதில்.

பிரதர் அதைத் துடைத்துக் காதில் பொருத்தினார். கீச்சென்று ஒரு சத்தம் கேட்டு அடங்கியது. மாமாவின் கண் மெல்லத் திரும்பி அவள் முகத்தில் வந்து நின்றது. அவளை அடையாளம் கண்டது தெரிந்தது.

அவள் முதலிலிருந்து சொன்னாள். குழாய், மெஷின், எடுக்க முடியாமல் போகலாம், இல்லாவிட்டால் மருந்து. இந்தத் தடவை நிதானமாக, புதிதாக வண்டி ஏறியவருக்குச் சொல்வது போலச் சொன்னாள். மாமா மாஸ்க்கை ஒரு விரலால் விலக்கினார்.

"மூச்சு வாங்குது" என்றார். நிறுத்தி இழுத்துக்கொண்டார். "இதை நிறுத்தச் சொல்லு."

"குழாய் மாமா? அது வேணுமா?"

"மத்ததை நீ பாத்துக்கோ."

அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார். காது கேட்ட பிறகு கிடைத்த பதில், கேட்காதபோது கிடைத்ததைவிடத் தெளிவாக இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. நிறுத்தச் சொல்லு என்றால் எதை? மூச்சு வாங்குவதையா, மூச்சையேயா?

டாக்டர் அவளைத் திரைக்கு வெளியே, கையைக் கழுவும் தொட்டி அருகே கூட்டிப்போனார்.

"இதை நீங்க தலையில தூக்கிக்க வேண்டாம். நீங்க அவர் எப்படிப்பட்டவர்னு மட்டும் சொல்லுங்க. மருத்துவம் என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்து நான் ஒண்ணு சொல்றேன். ஒத்துக்கலாம், ஒத்துக்காமலும் இருக்கலாம்."

"எப்படிப்பட்டவர்னா?"

"எது இல்லாம இவரால இருக்க முடியாது?"

அவள் யோசித்தாள். பேச்சு, என்றாள். வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் இருக்கமாட்டார். ஒரு தடவை பல்லைப் பிடுங்கி வாயில் பஞ்சை வைத்துவிட்ட நாளில் சைகையில் பேசிப் பேசிக் கை வலி கண்டவர். படுத்தே கிடக்கமாட்டார், காய்ச்சலில்கூட வாசல்வரை நடந்துபோய் மீட்டரைப் பார்த்துவிட்டு வருவார். அடுத்தவர் தன்னைத் துடைத்துவிடுவதைத் தாங்கமாட்டார். பிறகு ஏன் சொல்கிறோம் என்று தெரியாமலே டிரைவிங் வகுப்பைப் பற்றிச் சொன்னாள். நான்கு டெஸ்ட், எட்டு வருடம், சனிக்கிழமை. டாக்டர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா, குழாய் வேண்டாம்னு நான் சொல்வேன். மூச்சு வாங்குது, நிறுத்துன்னு கேட்டார். அதை என்னால செய்ய முடியும்."

"மருந்து கொடுத்து... நாமளே அனுப்பி வைக்கற மாதிரி ஆகாதா?"

"ஆகாது. கொஞ்சமா கொடுப்பேன், திணறல் அடங்கற அளவுக்கு மட்டும். அவரைக் கொண்டுபோறது அந்த நுரையீரல். இதுல உங்க கையும் இல்ல, என் கையும் இல்ல."

மாமா பையன் மறுபடி போனில் வந்தான். ஸ்பீக்கரில் போட்டு டாக்டரே எல்லாவற்றையும் சொன்னார். ஃபாரத்தில் எழுதியிருந்ததையும் படித்துக் காட்டினார். அந்தப் பக்கம் நெடுஞ்சாலை இரைச்சல் மட்டும் கேட்டது.

"மருமகள்னுதான் எழுதியிருக்காரா?" என்றான்.

"ஆமா."

"அடிச்சுத் திருத்தலையே?"

"இல்ல."

"அப்ப அவ சொல்றபடி பண்ணுங்க. நான் வர்ற வரைக்கும் மட்டும் வச்சிருங்க."

டாக்டர், "முயற்சி பண்றோம். வாக்குக் கொடுக்க முடியாது" என்றார். கியரக்கா தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஆனால் டாக்டர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு எழுதினார்.

மருந்து ஏறி அரை மணி நேரத்தில் தோள் ஏறி இறங்குவது குறைந்தது. கழுத்துக் கயிறு தளர்ந்தது. மேலே வார்டில் இடம் இல்லை. நடைபாதைக் கடைசியில் சக்கர நாற்காலிகள் போட்டு வைத்திருந்த ஒரு சின்ன அறை இருந்தது. பிரதர் பத்து நாற்காலியையும் வெளியே தள்ளிவிட்டு, மாமாவைக் கட்டிலோடு உள்ளே கொண்டுபோனார். ஜன்னல் இருந்தது. மெஷினின் கூவலை அணைத்தார். மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்கில் மெல்லிய குழாய் வைத்தார். ஈரப் பஞ்சால் உதட்டை நனைக்கச் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டு மணிக்கு மாமா கண்ணைத் திறந்தார். முகத்தில் நிறம் வந்திருந்தது.

"சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன் மாமா" என்று பொய் சொன்னாள்.

"இங்க யாரு வீடு? மீட்டரு எங்க?"

அவள் எழுந்து வெளியே ஓடினாள். டாக்டரை ஒரு கைமுறிவு கேஸிலிருந்து இழுக்காத குறையாக நிறுத்தினாள். "டாக்டர், தப்புப் பண்ணிட்டோம். நல்லா இருக்கார். பேசறார். சாப்பிட்டியான்னு கேக்கறார்."

டாக்டர் வந்து பார்த்தார். மாமாவின் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெளியே வந்து சொன்னார். "திணறல் போனதால தெளிவா இருக்கார். நுரையீரல் காலையில இருந்ததைவிட மோசமாத்தான் இருக்கு. இந்த நேரம் உங்களுக்குக் கிடைச்சிருக்கு. போய் உட்காருங்க."

நன்றாக இருக்கிறார், ஆனால் மோசமாக இருக்கிறார். காலையில் ஆக்சிஜன் ஏறிக்கொண்டே ஆள் இறங்கிக்கொண்டிருந்த மாதிரி. அவள் போய் உட்கார்ந்தாள். டாக்டரம்மா லாரியை ஓவர்டேக் செய்த கதையைச் சொன்னாள். மாமா பாதி கேட்டார். "இண்டிகேட்டர் போட்டாளா?" என்றார். அதற்குப் பிறகு தூங்கிப்போனார்.

மாமா பையன் நாலரை மணிக்கு வந்தான். பழைய இடத்துக்குப் போய்த் தப்பான திரையை விலக்கி, மஞ்சள் பெயிண்டரைப் பார்த்து ஒரு கணம் அப்பா என்றே நினைத்துவிட்டதாகப் பிறகு சொன்னான். அறை வாசலில் நின்று தூங்கும் மனிதரைப் பார்த்தான். முடி நிறைய கொட்டியிருந்தது அவனுக்கு.

"நிம்மதியாத்தானே தூங்கறார்? இவரையா இன்னைக்குப் போயிடுவார்னு சொல்றாங்க?"

அவள் ஈரப் பஞ்சால் மாமாவின் உதட்டை நனைத்தாள். அவன் விறுவிறுவென்று போய் டாக்டரிடம், "குழாயைப் போட்டுடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றான். டாக்டர் வாதாடவில்லை. அவனைக் கூட்டிவந்து கட்டிலருகே உட்காரவைத்து, அப்பாவின் நெஞ்சில் அவன் கையை எடுத்து வைத்தார். "மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க" என்றார். அவன் பார்த்தான். ஒன்று வந்தது. வெகு நேரம் கழித்து இன்னொன்று. பிறகு அவன் குழாயைப் பற்றிப் பேசவில்லை.

"டாக்டர்கிட்ட நீ என்ன சொன்ன?" என்று கேட்டான், அவள் பக்கம் பார்க்காமல்.

"மாமா எப்படி இருப்பார்னு சொன்னேன். டிரைவிங் கிளாஸ் பத்தி சொன்னேன்."

"எந்த டிரைவிங் கிளாஸ்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். உண்மையாகவே கேட்கிறான் என்று புரிய நேரமானது.

"தெரியாதா? எட்டு வருஷமா சனிக்கிழமை..."

"சனிக்கிழமை போன் பண்ணா எடுக்கமாட்டார். கேட்டா, கண் ஆஸ்பத்திரி போயிருந்தேன்பார். எட்டு வருஷமா எந்தக் கண்ணுடா கெட்டுப்போகுதுன்னு நினைச்சிருக்கேன்." அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறி, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஓட்டக் கத்துக்கிட்டாரா?"

"இல்ல."

மாமா போனது ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால். எப்போது என்று இருவருக்குமே சரியாகத் தெரியாது. அடுத்த மூச்சுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். முன்பும் இப்படி நின்று நின்று வந்திருந்ததால் இப்போதும் வரும் என்று இருந்தார்கள். அவன், "வந்துச்சா?" என்றான். அவள், "வந்த மாதிரி இருந்தது" என்றாள். பிரதர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, காது மெஷினைக் கழற்றாமலே, "பேசறதுன்னா பேசிக்கோங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மதியம், கியரக்கா டாக்டரைத் தேடிப் போனாள். இந்தத் தடவை வழி தெரிந்தது. டாக்டர் கேன்டீனில் இருந்தார், டீ வாங்கிக்கொடுத்தார்.

"ஒண்ணு கேக்கணும். குழாய் போட்டிருந்தா தேறியிருப்பாரா?"

டாக்டர் டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "மாட்டார்னுதான் நினைக்கிறேன். ஆனா நிச்சயமாத் தெரியாது. போடாத குழாயைப் பத்தி யாருக்குத் தெரியும்?"

"அப்ப தெரியாமத்தான் சொன்னீங்களா?"

"முழுசாத் தெரியாமத்தான். நாளைக்கு அதே மாதிரி ஒருத்தர் வந்தாலும் அதையேதான் சொல்வேன்." அவர் போன் அடித்தது. எழுந்தார். "உங்களை மாதிரி திரும்ப வந்து கேக்கறவங்க கம்மி. எனக்கும் கேக்கணும்னு இருக்கும், யாரைப் போய்க் கேக்கறது?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இது ஆறுதலா, இல்லையா? கியரக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். செய்தது சரி என்று ஒரு நாள் தோன்றுகிறது, மறுநாள் காலை பல் விளக்கும்போதே இல்லை என்று தோன்றுகிறது. மாமா பையன் இரண்டு தடவை போன் செய்து இதையே கேட்டான். இரண்டு தடவையும் வேறு வேறு பதில் சொன்னாள். யாரிடமாவது முழுதாகக் கொட்டிக் கேட்டால் தேவலை போல இருந்தது. ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தாள். இந்த மாதிரி விடை தெரியாத விஷயங்களையெல்லாம் சிக்னலில் காத்திருக்கும்போது அவள் கேட்டுவந்தது மாமாவிடம்தான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தட்டுப்பட்டது. அவரும் ஒருநாளும் உருப்படியாகப் பதில் சொன்னதில்லை.

மூன்று மணிக்கு ஒரு வகுப்பு இருந்தது. டீயைக் குடித்துவிட்டு எழுந்தாள்.